வண்டின் விலை

மழை பிடித்துக்கொண்ட இருபத்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலையில், சித்தப்பா வண்டைக் கொண்டுவந்து சேர்த்தார். தன் மழைச்சட்டையைக் கழற்றி வாத்தியப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு, தான் தெப்பலாக நனைந்தபடி பட்டறை வாசலில் நின்றார். அக்கா துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் அதை வாங்கி முதலில் பெட்டியைத் துடைத்தார்.

"தலையைத் துவட்டுங்க சித்தப்பா. ஜுரம் வந்து படுத்தீங்கன்னா சித்தி என்னைத்தான் திட்டுவாங்க."

"எனக்கு ஜுரம் வந்தா மாத்திரை இருக்கு பாப்பா. இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க போறது?"

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. சரக்கு இறக்க வருகிற வண்டிக்காரரிலிருந்து பட்டறைக் கட்டடத்தின் சொந்தக்காரர் வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். சித்தப்பா ஒருவருக்கு மட்டும் இன்னும் பாப்பா.

வண்டு என்பது ஒரு பேஸ் கிட்டார். தடித்த கம்பிகள் நான்கே நான்கு. பாட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு உறுமுகிற வாத்தியம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அக்காவின் அப்பா இதே பட்டறையில் முந்நூற்றுச் சொச்சம் செய்து விற்றார். கறுப்பாக, முதுகு உப்பலாக இருக்கும். கம்பியைத் தொட்டால் ரீங்காரம் அடங்க நேரமாகும். அதனால் வாங்கியவர்களே அதற்கு வண்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். பையில் பணமில்லாதவர்கள் வாங்கி, குடித்து, உடைத்து, அடகு வைத்த வாத்தியம் அது. பிறகு வெளியூர்ச் சரக்கு மலிவாக வந்து இறங்கியதும் அப்பா அதை நிறுத்திவிட்டு நாற்காலி மேசை பழுதுபார்க்கும் வேலைக்கு மாறினார். வண்டையும் மறந்தார், அப்புறம் ஒரு நாள் போயும் சேர்ந்தார்.

அவர் போன பிறகுதான் வண்டுக்கு மவுசு வந்தது. யாரோ ஒரு குழுவினர் பதிவு செய்த பாட்டில் வண்டு ஒன்று உறுமி, அந்தப் பாட்டு எங்கெங்கேயோ ஓடி, எல்லாரும் அது என்ன சத்தம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். இப்போது ஒரு பழைய வண்டு ஆறாயிரத்துக்குப் போகிறது. வாங்குகிறவர்கள் வாசிப்பதில்லை. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, விளக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்.

"ஆறாயிரம் கொடுத்து எவன் வாசிப்பான்? அதையே நானூறுக்கு விக்கிற மாதிரி நீங்க செஞ்சு கொடுங்க. உங்க அப்பா பேரு இருக்கு, அதே பட்டறை இருக்கு. நான் நூத்தம்பது வண்டு எடுத்துக்கறேன்" என்று வாத்தியக் கடைக்காரர் இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்து கேட்டபோது, அக்காவின் கணவர் கையிலிருந்த இழைப்புளியை அப்படியே வைத்துவிட்டு நாற்காலி போட்டார். உடைந்த நாற்காலியைப் பழுதுபார்க்க இப்போதெல்லாம் யாரும் வருவதில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொள்கிறார்கள். பட்டறையில் கூட வேலை செய்யும் தம்பிக்கு மின்விசிறிக் கம்பெனியில் கம்பிச்சுருள் சுற்றும் வேலைக்கு உத்தரவே வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் அவன் பதில் சொல்லியாக வேண்டும். நூற்றைம்பது வண்டு கிடைத்தால் போகமாட்டேன் என்று சொல்லியிருந்தான்.

அன்றிலிருந்து அக்கா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

நானூறு என்பது கேட்க நன்றாக இருக்கும். கடைக்காரர் தன் பங்காக நூற்றறுபதை எடுத்துக்கொண்டு பட்டறைக்குத் தருவது இருநூற்று நாற்பது. அதற்குள் மரம், கழுத்து, கம்பி, அதை இழுத்துக் கட்டும் முறுக்காணி, சத்தத்தை வாங்கும் காந்தச் சுருள், வண்ணம், பை, கூலி, வாடகை எல்லாம் அடங்கவேண்டும். அக்கா எப்படிப் போட்டுப் பார்த்தாலும் இருநூற்று எண்பத்தொன்று வந்தது. முட்டை பொரிக்கும்போதும் துணி பிழியும்போதும் அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் சூப்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டாள். கணவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதையும் சேத்துக் கணக்குல போட்டுடு" என்றார். தம்பி புரையேறச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாவற்றையும் தின்றது மரம்தான். பழைய வண்டின் பெருமையே அது ஒரே பலகையில் குடைந்த உடல் என்பதுதான். சித்தப்பா அந்தக் காலத்தில் வண்டு வாசித்துப் பெயர் வாங்கியவர்; பேட்டியென்று யார் கேட்டாலும், "எங்க அண்ணன் ஒட்டு வேலையே பண்ணமாட்டான், ஒரே மரம்" என்பார். அது பத்திரிகையில் வந்து, புத்தகத்தில் ஏறி, வேதவாக்காகிவிட்டது. கடைக்காரரும் புது வண்டு ஒரே மரம்தான் என்று எழுதித் தரவேண்டும் என்றிருந்தார். அவ்வளவு அகலத்துக்கு ஒரே பலகை வாங்கினால் மரத்துக்கு மட்டும் எழுபத்து நான்கு.

"அகலமான மரத்துக்கு அது கேட்ட விலையைக் கொடுக்கத்தான் வேணும். அதை நாமளா வளக்கமுடியும்?" என்றார் கணவர்.

அப்பா வரைபடம் எதையும் விட்டுப் போகவில்லை. அளவெடுக்கப் பழைய வண்டு ஒன்று வேண்டும். வீட்டில் மிஞ்சியிருந்தது சித்தப்பாவிடம் இருந்த ஒன்றுதான். அதையும் அவர் விலை பேசிவிட்டார். அடுத்த சனிக்கிழமை ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. ஏற்கெனவே நான்கு வண்டு வைத்திருப்பவர் என்பதால் வீட்டில் அவருக்கு அலமாரிக்காரர் என்று பெயர்.

சித்தப்பா பெட்டியைத் திறந்து வண்டை மேசைமேல் கிடத்தினார்.

"வெளியே எங்க வேணா அளந்துக்கோங்க. கம்பியைக் கழட்டலாம். முன்னாடி இருக்கிற தகட்டை மட்டும் தொடக்கூடாது. திருகாணி தலையில ஒரு கீறல் இருந்தாலும் அவர் கண்டுபிடிச்சு ஐந்நூறு குறைப்பார். எனக்கு ஆறாயிரமும் முழுசா வேணும் பாப்பா. தரைத்தளத்துல ஒரு வீடு பாத்திருக்கேன், வீட்டுக்காரன் அதுக்கு ஒரு காசு குறைக்கமாட்டேங்கிறான்."

"தொடமாட்டோம் சித்தப்பா" என்று அக்கா சொன்னாள்.

*

திங்கட்கிழமை மத்தியானம் அவர்கள் தகட்டைக் கழற்றினார்கள்.

கழற்றாமல் முடியவில்லை. சுருள் உட்காரும் குழியின் ஆழம் தெரியாமல் தம்பியால் சுருளைச் சுற்றமுடியாது. இரண்டு மாதிரி சுற்றிப் பார்த்துவிட்டான். ஒன்று தகரம் போலக் கத்தியது, இன்னொன்று தலையணைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. வியாழக்கிழமை கடைக்காரரிடம் மாதிரியைக் காட்டவேண்டும். கணவரும் தம்பியும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கழட்டுங்க" என்றாள் அக்கா.

கணவர் திருப்புளியின் நுனியில் மெல்லிய துணியைச் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பதினோரு திருகாணிகளையும் ஒவ்வொன்றாக எடுத்தார். அக்கா ஒரு காகிதத்தில் தகட்டின் வடிவத்தை வரைந்து, எந்த ஓட்டையில் எது இருந்ததோ அந்த இடத்திலேயே வைத்தாள். கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. வெளிச்சம் போதாமல் தம்பி கைவிளக்கைப் பிடித்தான்.

உள்ளே வண்ணம் எட்டாத மரம் தெரிந்தது. கணவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு விரல் நகத்தால் மெதுவாகக் கோடு இழுத்தார்.

"இங்க ஒரு ஒட்டு" என்றார். "இதோ இன்னொண்ணு."

"விரிசலா இருக்கும் அத்தான்" என்றான் தம்பி.

"நான் முப்பது வருஷமா மரத்தைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். விரிசலுக்கும் ஒட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா? மூணு துண்டு. நடுவில இருக்கிறது வேற மரம். பாரு, அதுல பழைய கீல் பதிச்ச பள்ளம்கூட இருக்கு. மரச்சக்கை வெச்சு அடைச்சிருக்கார்."

குழியின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. அக்காவுக்கு அந்தக் கையெழுத்து தெரியும். *பீரோ கதவு, பாதி விலை.*

 தம்பிதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பீரோ கதவுக்கா ஆறாயிரம்? அப்பா இருந்திருந்தா ஊர்ல இருக்கிற பீரோவையெல்லாம் வாங்கியிருப்பாரு."

அக்காவின் உதடு அசைய ஆரம்பித்துவிட்டது. மூன்று தெரு தள்ளி மேசை செய்கிற தொழிற்சாலை இருக்கிறது. அங்கே வெட்டி மிஞ்சிய துண்டு மரத்தை எடைபோட்டுத் தருவார்கள். ஒரு வண்டுக்கு மூன்று துண்டு, பசை, பிடிப்புச் சட்டத்தில் ஒரு நாள். இருபத்தொன்று. எழுபத்து நான்கு இருந்த இடத்தில் இருபத்தொன்று. மொத்தம் இருநூற்று இருபத்தெட்டு. ஒன்றுக்குப் பன்னிரண்டு மிஞ்சும்.  "இடிக்கலை" என்றாள் வாய்விட்டு. "கணக்கு இடிக்கலை."

"அதுவும் அசல் மாதிரியே" என்றான் தம்பி. "ஒரே மரம்னு கடைக்காரர் இனிமே கேக்க முடியாது. அசலே இப்படித்தான்னு காட்டலாம். போட்டோ எடுத்துடறேன் இரு."

அவன் எழுந்து போய்க் கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அக்காவுக்கு விஷயம் உறைத்தது. 

"போட்டோ வேண்டாம்" என்றாள்.

"ஏன்?"

"சனிக்கிழமை சித்தப்பா இதை விக்கணும். ஒரே மரம்னு சொல்லித்தானே விலை பேசியிருக்கார்."

தம்பி கைத்துணியை மேசைமேல் போட்டான். "அதுக்கு? கடைக்காரர் ஒரே மரம்னு எழுத்துல கேட்டிருக்காரே அக்கா. வியாழக்கிழமை என்ன சொல்லப்போற? பொய் எழுதிக் கொடுப்பியா?"

"கறுப்பு அடிச்சிட்டா உள்ளே இருக்கிறது யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் கணவர்.

"கடைக்காரர் ஒண்ணைச் சுரண்டிப் பாப்பார். அவர் எதையும் சுரண்டாம வாங்கினதில்லை."

"அப்ப உண்மையைச் சொல்லு" என்றான் தம்பி.

"சொன்னா அன்னைக்குச் சாயங்காலமே அலமாரிக்காரர் காதுக்குப் போயிடும். இந்தத் தொழில்ல எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறவங்கதானே."

வியாழனுக்கும் சனிக்கும் நடுவே இரண்டே நாள். அந்த இரண்டு நாள் முன்பின்னாக இருந்திருந்தால் ஒரு சிக்கலும் இல்லை.

*

அன்றைக்கே கணவர் மூன்று துண்டை ஒட்டினார்; அந்த மாதிரி வண்டைக் குடைந்து முடித்ததும், செவ்வாய்க்கிழமை ராத்திரி அக்கா கறுப்பு அடித்தாள். ஈரக்காற்றில் வண்ணம் காயும்போதே வெள்ளை பூத்தது. மூலையில் சாக்குப் படுதா கட்டி, நான்கு பெரிய பல்பை எரியவிட்டு, வண்டைக் கொக்கியில் தொங்கவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து மறுபடி அடித்தாள். மூன்று தரம் பூத்தது. நான்காவது தரம்தான் கண்ணாடியாக நின்றது. கை வேலை செய்துகொண்டிருந்தாலும் மனசு சித்தப்பா வீட்டு நான்காவது மாடியில் இருந்தது.

புதன்கிழமை ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு அந்த நான்கு மாடியை ஏறினாள். லிஃப்ட் இல்லாத கட்டடம், எழுபத்திரண்டு படி. சித்திக்கு முழங்கால் போய்ப் பதினோரு மாதமாகிறது. அன்றிலிருந்து அவள் கீழே இறங்கவே இல்லை. ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கயிற்றில் கூடையை இறக்கி, கீழே போகிற தள்ளுவண்டியில் காய்கறி வாங்குவாள்.

"வா. இப்பத்தான் உன் தலை தெருமுனையில தெரிஞ்சது. வகிட்டுக்கிட்ட நரை அதிகமாயிடுச்சு உனக்கு" என்றாள் சித்தி. "எனக்கு இப்பல்லாம் மனுசங்களை உச்சந்தலையை வெச்சுத்தான் அடையாளம் தெரியும். கீழ்வீட்டுக்காரருக்கு வழுக்கை விழுந்தது அவர் பெண்டாட்டிக்கு முன்னாடி எனக்குத் தெரியும்."

சித்தப்பா தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். தரைத்தள வீட்டைப் பற்றியே பேசினார். இரண்டு அறை, வாசலில் ஒரே ஒரு படி, அதையும் சிமென்ட் போட்டுச் சரிவாக்கிக்கொள்ளலாம், பக்கத்திலேயே கடை. சித்தி குறுக்கிட்டு, "வாசல்ல நின்னு யாரையாவது முகத்துக்கு நேரா பாத்துப் பேசணும். அது போதும் எனக்கு" என்றாள்.

அக்கா தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சர்க்கரை கரைந்து எவ்வளவோ நேரமாகியிருந்தது.

"சித்தப்பா, தகட்டைக் கழட்டிட்டோம்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கீறல் விழலை. ஒண்ணுகூட விழலை. ஆனா உள்ளே..." ஒட்டு, கீல் பள்ளம், பென்சில் எழுத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

 சித்தப்பாவின் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"தொடமாட்டேன்னு சொன்ன."

"ஆமா."

"நாப்பது வருஷமா நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது பொய்யா? அண்ணன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. நான் மேடைக்கு மேடை அதைப் பெருமையா சொன்னப்ப, கீழே உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தான்."

"நீங்க சொன்னது அவருக்குப் பிடிச்சிருந்திருக்கும்" என்றாள் சித்தி.

"நீ சும்மா இரு." ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "யாருக்கெல்லாம் தெரியும்?"

"நாங்க மூணு பேர்தான்."

"சனிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காத. எனக்கு அது போதும். இவளை நான் தூக்கிக்கிட்டு இறங்க முடியாது பாப்பா. எனக்கு எழுபத்தொண்ணு ஆகுது."

"நாளைக்குக் கடைக்காரர்கிட்ட எழுதிக் கொடுக்கணும் சித்தப்பா."

அவர் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சித்திதான் கூடையிலிருந்து இரண்டு தக்காளியை எடுத்து அவள் பையில் போட்டு, "பாத்து இறங்கு, மூணாம் மாடியில விளக்கு இல்லை" என்றாள்.

*

கடைக்காரர் மாதிரி வண்டை மடியில் வைத்துத் தட்டினார், முகர்ந்தார், ஒரு ஆளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். கடையே அதிர்ந்தது. கணவர் அக்காவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"சத்தம் அதேதான்" என்றார் கடைக்காரர். "இதுல கையெழுத்துப் போடுங்க. ஒரே மரம், பழைய முறைப்படி."

ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று அக்கா கேட்டாள். அவர் சிரித்துவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். வேறொரு தொழிற்சாலை நூற்றுத் தொண்ணூறுக்கு ஏதோ ஒரு கறுப்பு வாத்தியம் தரத் தயாராக இருந்தது.

"உங்க அப்பா பேருக்காகத்தான் உங்ககிட்ட வந்தேன். இன்னைக்கு முடியலைன்னா அங்க போயிடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

பேனாவைக் கையில் வாங்கினாள் அக்கா. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"ஒரே மரம் இல்லைங்க. மூணு துண்டு" என்றாள்.

கணவர் தரையைப் பார்த்தார்.

"மூணு துண்டா? அசல் ஒரே மரமாச்சே."

உண்மை நாக்கு நுனியில் நின்றது. அசலும் மூன்று துண்டுதான் என்று சொன்னால் நூற்றைம்பது வண்டும் கையில். தம்பி பட்டறையோடு இருப்பான்.

"நானூறுக்குள்ள வரணும்னா இப்படித்தாங்க செய்யமுடியும். எங்க வசதிக்குச் செஞ்சது" என்றாள்.

கடைக்காரர் வண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, வியாபாரி. "அப்ப இதை அசல் வண்டுன்னு என்னால விக்க முடியாது. வண்டு மாதிரின்னுதான் சொல்லணும். அப்படின்னா முந்நூத்தறுபதுக்கு மேல போகாது. உங்களுக்கு இருநூத்திப் பதினஞ்சு தர்றேன். அறுபது செய்யுங்க, பாப்போம்."

வெளியே வந்து இருவரும் கடைச் சார்ப்பின் கீழ் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள்.

"தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டாள்.

"பண்ணிட்டதான்" என்றார் கணவர். சற்றுப் பொறுத்து, "நான் கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன். உன்னால ஆகாது" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

 அன்று சாயங்காலமே தம்பி மின்விசிறிக் கம்பெனிக்கு வருவதாக எழுதிப் போட்டுவிட்டான்.

*

சனிக்கிழமை அலமாரிக்காரர் பட்டறைக்கே வந்தார். மெலிந்த மனிதர், சுத்தமான நகங்கள். சித்தப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அக்காவோடு அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அலமாரிக்காரர் தன் பையிலிருந்தே திருப்புளி எடுத்தார். பதினோரு திருகாணியையும் கழற்றி, சிறிய விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தகட்டை மூடி, திருகாணிகளை முடுக்கினார். அக்கா பதினொன்றையும் மனசுக்குள் எண்ணினாள்.

"எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிப் பணப்பையைத் திறந்தார்.

கணவர் மெதுவாக மூச்சு விட்டார். சித்தப்பா பணத்தைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"அது ஒரே மரம் இல்லைங்க" என்றார் சித்தப்பா. "மூணு துண்டு. பீரோ கதவு. எனக்கே போன புதன்கிழமைதான் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம விக்கறது எனக்கு ஒத்துக்கலை. நீங்க நியாயமா என்ன கொடுப்பீங்களோ கொடுங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தான் நூற்றைம்பதை அறுபதாக்கிக் காப்பாற்றிய ரகசியத்தை அவர் தானே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். கோபம் வரவேண்டும் என்று நினைத்தாள். வரவில்லை.

அலமாரிக்காரர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என்கிட்ட நாலு இருக்கு. நாலும் ஒட்டுதான். ஒண்ணு நாலு துண்டு. எல்லாத்தையும் முதல் நாளே கழட்டிப் பாத்துட்டேன்" என்றார். "உங்களுக்குத் தெரியாதுன்னுதான் இத்தனை நாள் நினைச்சிருந்தேன்."

"தெரிஞ்சுமா ஆறாயிரம் கொடுக்கறீங்க?" என்றார் சித்தப்பா.

"வெளியே இருக்கிற விலை ஆறாயிரம்தானே. ஒரே மரம்னு எல்லாரும் நம்பற வரைக்கும் அது ஆறாயிரம். என் நாலுக்கும் சேத்து இருபத்து நாலாயிரம். இது வெளியே போச்சுன்னா ரெண்டாயிரத்துக்கு வந்து நிக்கும்." அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க புதுசு செய்யறதா கேள்விப்பட்டேன். நீங்கதான் சொல்லக்கூடியவங்க. அசல்ல என்ன மரம், எத்தனை துண்டுங்கிறதைப் பத்திப் பட்டறையிலேருந்து யாரும் எங்கேயும் பேசமாட்டோம்னு ஒரு தாள்ல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டா, முழுப் பணமும் இங்கேயே வெச்சிட்டுப் போறேன்."

"இல்லைன்னா?" என்றான் தம்பி.

"இல்லைன்னா ரெண்டாயிரம். அதுதான் நியாயமான விலை. நியாயமாத்தானே கேட்டார் அவர்."

சித்தப்பா அக்காவைப் பார்த்தார். மூன்று நாளில் முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"போடாத பாப்பா. அசலே இப்படித்தான்னு சொல்ல முடியாம உன் வியாபாரம் போயிடும். ரெண்டாயிரத்தை வாங்கிக்கறேன். எங்களுக்கு மாடி பழகிப்போச்சு."

"அப்பா செஞ்சது இதுதான்னு நாம சொல்லவே கூடாதா?" என்றான் தம்பி. "நாளைக்கு எவனாவது வந்து உன் வண்டு மட்டம், அசல்தான் அசல்னு சொல்லுவான். வாயை மூடிக்கிட்டுக் கேட்டுக்கணுமா அக்கா?"

"கேட்டுக்கலாம்" என்றாள் அக்கா. தாளை எடுத்து அவளே எழுதினாள். எழுத்து கோணவில்லை. முதல் கையெழுத்தை அவள் போட்டாள். கணவர் போட்டார். தம்பி பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, தாளைப் பார்க்காமலேயே போட்டான்.

*

அறுபது வண்டு செய்வது நூற்றைம்பது செய்வதைவிடக் கஷ்டம் என்று அப்புறம்தான் தெரிந்தது. குறைவாக வாங்கினால் எல்லாச் சாமானும் விலை கூடுகிறது. இருநூற்று இருபத்தெட்டு இருந்தது இருநூற்று முப்பத்தொன்பதுக்கு ஏறிவிட்டது. கையில் வருவதோ இருநூற்றுப் பதினைந்து. அக்கா ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். முதலில் பையை எடுத்தாள். கடைக்காரர் கேட்டிருந்த, கம்பிகளைத் தாங்கும் வார்ப்புப் பாலத்துக்குப் பதிலாகக் கணவர் இரும்புத் தகட்டை வளைத்தார். மூடிபோட்ட முறுக்காணி போய்த் திறந்த முறுக்காணி வந்தது. மரச்சாமான் வண்ணத்தை விட்டுவிட்டு, கார் பட்டறையில் மிஞ்சுகிற கறுப்பை டின் டின்னாக வாங்கினாள். அது ஈரத்திலும் பூக்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டில் வந்து நின்றபோது பார்த்தால், வளைத்த தகடு, திறந்த முறுக்காணி, கார் வண்ணம் எல்லாமே அப்பா போட்டதுதான். விலையைக் குறைக்கக் குறைக்க அது அப்பாவின் வண்டாகவே ஆகிக்கொண்டு வந்தது. ஒன்றுக்கு மூன்று லாபம்.

"அறுபதுக்கும் சேத்து நூத்தி எம்பது. ஒரு நல்ல குடை வாங்கலாம்" என்றார் கணவர்.

தம்பி வார நாளெல்லாம் மின்விசிறிக்குச் சுருள் சுற்றிவிட்டு, விடுமுறை நாளில் வந்து வண்டுக்குச் சுற்றினான். முன்னைப்போல அவன் அதிகம் சிரிப்பதில்லை. ஆனால் ஒரு வாரமும் வராமல் இருந்ததில்லை.

சித்தியை நான்கு பேர் நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கினார்கள். தரைத்தள வீட்டு வாசலில் முதல் வாரம் யார் வந்து பேசினாலும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "கொஞ்சம் தலையைக் குனிங்க" என்று கேட்டு, உச்சியைப் பார்த்துவிட்டு, "அட, நீங்களா" என்பாள். சித்தப்பா வெறும் விரலை மடியில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு வாசிக்க இப்போது வாத்தியம் இல்லை. அக்கா ஒரு புது வண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கி வைத்துக்கொண்டார், நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. மறுநாள் அந்தப் பக்கம் போனவள் தெருமுனையிலேயே உறுமலைக் கேட்டாள்.

அறுபதும் ஐந்து வாரத்தில் விற்றன. கடைக்காரர் இன்னும் எண்பது கேட்டார். விலையை மட்டும் ஏற்றமாட்டேன் என்றார்.

அந்த எண்பதில் முதல் பத்தை இறக்கப் போன நாளில் கடையில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நரைத்த தாடி, கழுத்தில் மூக்குக் கண்ணாடி. புது வண்டு ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்து ஆராய்ந்துகொண்டிருந்தார். இதைச் செய்கிறவர்கள் இவர்கள்தான் என்று கடைக்காரர் கைகாட்டினார்.

"ஒட்டு மரமாமே" என்றார் அவர், வருத்தமாக. "நான் அசல் வண்டு பாத்திருக்கேன், கண்ணாடிக்குள்ள. ஒரே பலகை. அந்த மனுசன் மரத்தை மதிச்சவர். கோவிச்சுக்காதீங்க, நீங்க பேரை மட்டும் எடுத்துக்கிட்டீங்க."

கணவர் இருமினார். அக்கா கையிலிருந்த அட்டைப் பெட்டியைக் கீழே வைத்தாள். முகம் சுட்டது. ஒரு வார்த்தை போதும், இந்த ஆள் வாயடைத்துப் போவார். பென்சில் எழுத்து கண்ணுக்கு முன்னால் நின்றது.

"ஆமாங்க" என்றாள்.

"உங்க அப்பா இதைப் பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை.

"மரம் என்ன விலைக்கு வாங்கினேன்னு கேட்டிருப்பார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு வண்டைக் கொக்கியில் மாட்டினார். இரண்டடி நடந்தார். திரும்பி வந்து எடுத்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, கம்பியைப் பெருவிரலால் ஒரே ஒரு தடவை தட்டி, உறுமல் அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.